மக்காச்சோளம், சோளம், கம்பு: கொங்குக் காட்டில் விதைப்பு முதல் களம் வரை

மக்காச்சோளம் 105 முதல் 110 நாள் பயிர். மகசூல் முடிவாவது அதில் சில நாட்களில்தான். விதைத்த முதல் 15 நாளில் காட்டில் எத்தனை செடி நிற்கும் என்பது தெரிந்துவிடும். ஏழெட்டு இலை விரியும் சமயத்தில், கதிரில் எத்தனை வரிசை மணி என்று செடி உள்ளுக்குள்ளேயே தீர்மானித்துவிடும். கதிரின் நுனியில் பட்டு இழைபோல வரும் மீசை வெளிவருவதற்கு முன்னும் பின்னுமாக உள்ள மூன்று வாரத்தில், அந்த வரிசைகளில் எத்தனை மணி பிடிக்கும் என்பது முடிந்துவிடும். மற்ற நாட்களில் கொஞ்சம் அசந்தாலும் சரிக்கட்டலாம். இந்த மூன்று கட்டத்தில் விட்டதைக் கடையில் விற்கும் எந்த டானிக்கும் மீட்டுத் தராது.

அதனால் கீழே நாள் கணக்குச் சொன்னாலும் கூடவே இலைக் கணக்கும் வரும். மார்கழிக் குளிரிலும் பங்குனி வெயிலிலும் பயிர் ஒரே வேகத்தில் வளராது. இலை எண்ணிக்கை பொய் சொல்லாது. எண்ணும்போது, தண்டோடு சேரும் இடத்தில் வெளிறிய பட்டை தெரியும் அளவுக்கு முழுதாக விரிந்த இலையை மட்டும் எண்ணுங்கள். குருத்துக்குள் சுருண்டிருப்பதை விட்டுவிடுங்கள்.

விதைக்கும் நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மழை எப்போது வரும் என்று பார்த்து விதைப்பது ஒரு பாதி. பூ எப்போது விழும், கதிர் எப்போது காயும் என்று பார்ப்பது மறுபாதி. விதைத்து 52 முதல் 58 நாளில் ஆண் பூ வெளியே வரும். இரண்டு மூன்று நாள் கழித்து மீசை வரும்.

ஆடி 18-ஐ ஒட்டி விதைத்தால் புரட்டாசி நடுவில் பூ, கார்த்திகை தொடக்கத்தில் அறுவடை. பூவுக்கு நல்ல காலம். ஆனால் கதிர் காய வேண்டிய நேரத்தில் வடகிழக்கு மழை நிற்கும். களத்தில் காயவைக்க வழி இல்லாதவர்கள் ஈர மக்காச்சோளத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட நேரும். புரட்டாசி நடுவில் விதைத்தால் கார்த்திகையில் பூ, தை மாதத்தில் அறுவடை. மழையில் வளர்ந்து வெயிலில் காயும் பட்டம் இது. கரிசல் காட்டு மானாவாரிக்கு இதுவே முதல் தேர்வு. செம்மண் மேட்டுக்காட்டில் கார்த்திகையோடு மழை நின்றுவிட்டால் மணி முற்றும்போது ஈரம் இருக்காது. கிணற்றில் ஒரு தண்ணீராவது கைவசம் இல்லாமல் அங்கே மக்காச்சோளம் போடுவதைவிடச் சோளமோ கம்போ போடுவது மேல்.

தைப்பட்டம் இறவைக்கு, அதாவது பாசனம் உள்ள காட்டுக்கு மட்டும். தை முதல் பாதிக்குள் விதைத்துவிட வேண்டும். மாசியில் விதைத்தால் சித்திரை வெயிலில் பூ வரும். 38 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் மகரந்தம் செத்துப்போகும்; செடி பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும், கதிரில் பாதி மணி இருக்காது.

வைகாசி விதைப்பு கொங்கில் ஒத்துவராது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வைகாசியில் விதைத்த பயிர் அந்தக் காற்றில் ஆளுயரம் நின்று சாயும், மீசையும் காய்ந்துபோகும்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்), கீழ்பவானி வாய்க்காலில் முறைத்தண்ணீரை நம்பி விதைப்பவர்கள், கடைசி முறை எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டு, அதற்கு 30 நாள் முன்னால் மீசை வரும்படி விதைப்பை அமையுங்கள். வாய்க்கால் அடைத்த பிறகு பூக்கும் பயிர் மாட்டுத் தீவனத் தட்டுக்கு மட்டுமே ஆகும்.

நிலமும் விதையும்

முந்தைய பயிர் எடுத்ததும் ஒரு ஆழ உழவு போட்டு 15 நாள் வெயிலில் விடுங்கள். குருத்தைத் தின்னும் படைப்புழுவின் கூட்டுப்புழு மண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில்தான் இருக்கும். புரண்டு மேலே வந்தால் காக்கையும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரமும் 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும் போடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். வெள்ளைப்புழு கூடவே வரும்.

இறவையில் பார் (மண்ணை மேடாக்கிய வரிசை) போட்டு விதைப்பதுதான் நல்லது. பாருக்குப் பார் 2 அடி, செடிக்குச் செடி 10 அங்குலம். விதையைப் பாரின் உச்சியிலும் அடியிலும் வைக்காமல், பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒன்றரை முதல் இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். மேலோட்டமாகப் போட்டால் மயில் பொறுக்கிவிடும். மூன்று அங்குலத்துக்குக் கீழே போனால் இறுகிய செம்மண்ணில் முளை திணறும். பத்து பாருக்கு ஒரு முறை இரண்டரை அடி இடைவெளி விடுங்கள். ஆள் உயரத்துக்குப் பயிர் வந்த பிறகு மருந்து அடிக்க உள்ளே போக வழி அதுதான்.

ஏக்கருக்கு 8 கிலோ வீரிய ஒட்டு விதை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.எச்.எம். 6, கோ.எச்.எம். 8, இவை தவிரத் தனியார் ரகங்கள் ஏராளம். ரகத்தைவிட முக்கியம் பையின் மேல் உள்ள முளைப்புத் திறன் சோதித்த தேதி. பில் இல்லாமல் விதை வாங்காதீர்கள். கம்பெனி விதை பெரும்பாலும் சாயம் ஏற்றிய மருந்து நேர்த்தியோடு வரும். என்ன மருந்து என்று பையில் படித்துப் பாருங்கள். படைப்புழுவுக்கான சயன்ட்ரனிலிப்ரோல், தயமீத்தாக்சாம் கலவை கிலோவுக்கு 4 மில்லி போட்டிருந்தால் முதல் இரண்டு வாரம் கவலை குறைவு. அது இல்லையென்றால் நீங்களே நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். மிச்ச விதையைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடக்கூடாது.

முளைத்து 12-ஆம் நாள் எண்ணிக்கை எடுங்கள். 2 அடி பாரில் 22 அடி நீளம் அளந்தால் அது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த 22 அடியில் 27 செடி இருந்தால் ஏக்கருக்கு 27,000. இறவைக்குத் தேவையான கணக்கு அதுதான். ஐந்து இடத்தில் எண்ணிச் சராசரி பாருங்கள். 22-க்குக் கீழே இறங்கினால் விதை, ஆழம், மயில், ஈரம் எதில் தவறு என்று தேடுங்கள். மானாவாரியில் 20 முதல் 22 போதும்; அதற்கு மேல் இருந்தால் ஈரத்துக்குச் சண்டை போட்டு எல்லாமே மெலிந்துவிடும். ஒரே குழியில் இரண்டு முளைத்தால் ஒன்றைப் பிடுங்கிவிடுங்கள். இதில் இரக்கம் பார்த்தால் இரண்டும் சிறு கதிராகும். சந்து நிரப்புவது முளைத்த ஒரு வாரத்துக்குள் இருக்க வேண்டும். பத்து நாள் கழித்துப் போட்ட விதை மற்ற செடியின் நிழலில் வளர்ந்து, கதிரே வைக்காமல் உரம் மட்டும் தின்னும்.

மயிலும் காட்டுப்பன்றியும் இப்போது பெரும் தலைவலி. மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. விஷம் வைப்பது சிறைக்குப் போகும் வழி. வேலியில் நேரடி மின்சாரம் விடுவதும் அப்படித்தான், அது ஆளையும் கொல்லும். விதைத்த முதல் பத்து நாள் விடியற்காலையிலும் மாலையிலும் ஆள் காவல், மினுங்கும் ரிப்பன், அக்கம்பக்கத்தோடு ஒரே வாரத்தில் விதைப்பது என்ற மூன்றும் சேர்ந்தால் சேதம் தாங்கும் அளவில் நிற்கும். ஊரில் தனியாக முன்னால் விதைத்தவர் காட்டுக்குத்தான் எல்லா மயிலும் வரும்.

களை: முதல் 40 நாள்

விதைத்து மூன்றாம் நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது, அட்ரசின் 50 சதவீதத் தூள் ஏக்கருக்கு 400 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து பின்னோக்கி நடந்து அடியுங்கள். காய்ந்த மண்ணில் அடித்தால் வேலை செய்யாது. தட்டைப்பயறு, உளுந்து ஊடுபயிர் அல்லது வரப்புப் பயிர் இருந்தால் அட்ரசின் வேண்டாம், பயறு கருகும். அடுத்த பட்டத்தில் சின்ன வெங்காயம் போட நினைக்கும் காட்டில் இதன் அளவைக் கூட்டவே கூட்டாதீர்கள், மண்ணில் மிச்சம் தங்கும்.

முளைத்த களைக்கு டெம்போட்ரையோன் 42 சதவீதம் ஏக்கருக்கு 115 மில்லி, அதோடு வரும் ஒட்டுத் திரவத்தையும் சேர்த்து, களை மூன்று நான்கு இலையில் இருக்கும்போது அடிக்க வேண்டும். இது மக்காச்சோளத்துக்கு மட்டும். பக்கத்துச் சோளக்காட்டில் சாரல் பட்டால் சோளம் வெளுத்துப்போகும், கம்பும் அப்படியே. கோரை இதற்கெல்லாம் முழுதாக மசியாது. கோரை மிகுந்த காட்டில் 20-ஆம் நாளும் 40-ஆம் நாளும் கைக்களைதான். இரண்டாவது களையோடு மண் அணைத்துவிடுங்கள்.

உரம்

இறவை வீரிய ஒட்டுக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஏக்கருக்குத் தழைச்சத்து 100 கிலோ, மணிச்சத்து 30, சாம்பல் சத்து 30. இதைக் கடை மூட்டைக்கு மாற்றினால் இப்படி வரும்.

அடியுரம்: டி.ஏ.பி. 65 கிலோ, யூரியா 29 கிலோ, பொட்டாஷ் 25 கிலோ.
ஆறு ஏழு இலையில், ஏறக்குறைய 25-ஆம் நாள்: யூரியா 109 கிலோ.
பத்து முதல் பன்னிரண்டு இலையில், ஏறக்குறைய 45-ஆம் நாள்: யூரியா 54 கிலோ, பொட்டாஷ் 25 கிலோ.

இது தவிர ஏக்கருக்கு 15 கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து விதைப்புக்கு முன் தூவுங்கள். டி.ஏ.பி.யோடு ஒரே சட்டியில் கலக்காதீர்கள். இரண்டும் பிணைந்து பயிருக்குக் கிடைக்காமல் போகும். மண் பரிசோதனை அட்டை இருந்தால் மேலே உள்ள கணக்கை அதற்கேற்பத் திருத்துங்கள். மானாவாரியில் தழைச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, மேலுரத்தை மழை பெய்து ஈரம் இருக்கும் நாளில் மட்டும் போடுங்கள்.

25-ஆம் நாள் தவணைதான் எல்லாவற்றிலும் கனமானது, காரணம் முன்பே சொன்னது: கதிரின் வரிசை எண்ணிக்கை முடிவாகும் நேரம் அது. இதை 35-ஆம் நாளுக்குத் தள்ளினால் பச்சை ஏறும், வரிசை கூடாது. யூரியாவைச் செடியிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வைத்து மண்ணால் மூடி, அன்றே தண்ணீர் விடுங்கள். நம் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு அதிகம். கொஞ்சம் தோண்டினாலே சுக்கான் கல் வரும் காடுகள் நிறைய. அப்படிப்பட்ட மண்ணின் மேல் யூரியாவை வீசிவிட்டு இரண்டு நாள் வெயிலில் விட்டால் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். குருத்துக்குள் யூரியா விழுந்தால் இலை வெந்துவிடும், அதனால் நின்றுகொண்டு வீசுவது வேண்டாம்.

பயிர் காட்டும் அறிகுறிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அடி இலையில் நுனியிலிருந்து நடு நரம்பை ஒட்டி, ஆங்கில வி எழுத்துப்போல மஞ்சள் உள்ளே ஏறினால் தழைச்சத்துக் குறை. அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்து. இளம் செடி செந்நீலமாக இருந்தால் மணிச்சத்து, அல்லது வேர் குளிரிலோ நீர்த்தேக்கத்திலோ திணறுகிறது. குருத்து இலையின் அடிப்பகுதியில் நடு நரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை தெரிந்தால் துத்தநாகம். அரை சதவீத சிங்க் சல்பேட் தெளிக்கலாம். குருத்து இலை முழுவதும், நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் எனக் கோடு கோடாக வந்தால் இரும்புச்சத்து. சுக்கான் காட்டில் அடிக்கடி பார்க்கும் நோவு இது, சோளத்தில் இன்னும் அதிகம். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, வாரம் ஒரு முறை இரண்டு மூன்று தரம் தெளித்தால் தெளிந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு யூரியாவைக் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஒரு பயனும் இல்லை.

வெள்ளைக் கோடு போலத் தெரிந்து, காலையில் இலையின் அடியில் வெண்பொடி இருந்தால் அது சத்துக் குறை அல்ல, அடிச்சாம்பல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, மெட்டலாக்சில், மேங்கோசெப் கலவை லிட்டருக்கு 2 கிராம் தெளியுங்கள்.

படைப்புழு

2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குள் வந்த புழு இது. அதற்கு முன்பு மக்காச்சோளம் என்றால் விதைத்துவிட்டு அறுக்கப் போகும் பயிர் என்ற பேச்சு இருந்தது. இப்போது வாரம் இருமுறை காட்டுக்குள் நடக்க முடியாதவர்கள் இந்தப் பயிரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடையாளம்: தலையில் தலைகீழான ஒய் எழுத்து, வால் பக்கம் உடலின் எட்டாவது வளையத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இலையின் மேல் நூறு முதல் இருநூறு முட்டையைக் குவியலாக வைத்து, மயிரால் மூடியிருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து, குஞ்சுப்புழு இலையைச் சுரண்டும். அந்த இடம் வெள்ளைக் காகிதம்போலத் தெரியும். புழு பெரிதானதும் குருத்துக்குள் இறங்கிவிடும். அப்போது இலை கந்தலாகி, குருத்தில் மரத்தூள்போல எச்சம் நிற்கும். எச்சம் குருத்தை அடைத்த பிறகு மருந்து உள்ளே போகாது. ஆகவே காகிதச் சுரண்டல் தெரியும் நாள்தான் மருந்தடிக்கும் நாள்.

முளைத்த 7-ஆம் நாளிலிருந்து வாரம் இருமுறை, காட்டின் ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக நூறு செடி பாருங்கள். ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது கணக்கில் சேராது. இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து வைத்தால் அந்துப்பூச்சி எப்போது ஏறுகிறது என்று முன்கூட்டியே தெரியும். பொறியே புழுவை ஒழித்துவிடும் என்று எண்ண வேண்டாம். முட்டைக் குவியலைப் பார்த்தால் இலையோடு கிள்ளி நசுக்குங்கள். நூறில் பத்துச் செடியில் புதுச் சேதம் இருந்தால் தெளிக்க வேண்டும். 30 நாளைத் தாண்டிய பயிருக்கு இருபது வரை பொறுக்கலாம்.

15 முதல் 20-ஆம் நாளில் சுரண்டல் மட்டும் தெரிந்தால் அசாடிராக்டின் 1500 பி.பி.எம். லிட்டருக்கு 5 மில்லி. ஓட்டை விழத் தொடங்கிவிட்டால் எமாமெக்டின் பென்சோயேட் 5 சதவீதம் லிட்டருக்கு 0.4 கிராம். 40 முதல் 45-ஆம் நாளில் மீண்டும் தேவைப்பட்டால் ஸ்பினிடோரம் 11.7 சதவீதம் லிட்டருக்கு 0.5 மில்லி, அல்லது குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 சதவீதம் லிட்டருக்கு 0.4 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், அதாவது 16 லிட்டர் டேங்க் பன்னிரண்டு பதின்மூன்று. ஒரு டேங்குக்கு எமாமெக்டின் 6.4 கிராம், மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல் சிறு தராசு வைத்து எடை போட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள்.

ஒரே மருந்தை இருமுறை அடிக்காதீர்கள், இரண்டு மூன்றைக் கலந்தும் அடிக்காதீர்கள். கலவை மருந்தால் செலவு கூடும், புழுவைத் தின்னும் குளவியும் பொறிவண்டும் சாகும், அடுத்த ஆண்டு புழு இன்னும் பிடிவாதமாக வரும். மாலை நான்கு மணிக்கு மேல், நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, குருத்து நிறைய ஊற்றுவதுபோல அடியுங்கள். புழு வெளியே வருவது அந்திக்கு மேல்தான். பூத்த பிறகு காலையில் தேனீ மகரந்தம் எடுக்க வரும், அப்போது மருந்து கூடாது. ஆடிக் காற்றில் அடித்த மருந்து பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்தில் போய் உட்காரும். முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் கூலிக்கு ஆளை இறக்காதீர்கள்.

ஒரு ஏக்கருக்குள் சிறு காடு என்றால் மணல் 9 பங்கு, சுண்ணாம்புத்தூள் 1 பங்கு கலந்து, முதல் 30 நாளுக்குள் குருத்தில் ஒரு சிட்டிகை போடும் பழக்கம் பலன் தருகிறது. ஆள் கூலிதான் இதில் கணக்கு. வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி இருந்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். கதிருக்குள் புழு இறங்கிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்போது மருந்துக்குச் செலவழிப்பது வீண். மருந்தடித்த காட்டில் மாட்டுக்குப் பச்சைத் தட்டு அறுப்பதற்கு முன், டப்பாவில் எழுதியுள்ள காத்திருப்பு நாளைப் பாருங்கள்.

இலையின் குறுக்கே வரிசையாக ஒரே அளவு ஓட்டை தெரிந்தால் அது படைப்புழு அல்ல, தண்டுத்துளைப்பான். நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும்.

தண்ணீர்

விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்று நான்காம் நாள் உயிர்த்தண்ணீர். அதன் பிறகு செம்மண்ணில் 7 முதல் 8 நாளுக்கு ஒன்று, கரிசலில் 10 முதல் 12 நாளுக்கு ஒன்று. ஆறு இலை வரை வளரும் முனை மண்ணுக்குக் கீழேதான் இருக்கும். அதனால் ஆடு மேய்ந்தாலும் செடி திரும்ப வரும், ஆனால் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் அழுகும். ஐப்பசி மழைக்கு முன் கடைவரப்பில் வடிகால் வெட்டி வையுங்கள்.

20-ஆம் நாளிலிருந்து 35 வரை கொஞ்சம் காயப் போட்டாலும் பாதகமில்லை. வேர் கீழே இறங்கும். 45-ஆம் நாளிலிருந்து 75 வரை ஒரு தண்ணீர்கூடத் தவறக்கூடாது. மதியம் இரண்டு மணிக்கு இலை சுருண்டு, மாலையில் விரிந்தால் பயமில்லை. காலை பத்து மணிக்கே சுருண்டிருந்தால் அன்றே பாய்ச்ச வேண்டும். ஈரம் போதாதபோது ஆண் பூ நேரத்துக்கு மகரந்தத்தைக் கொட்டிவிடும், மீசை மட்டும் தாமதமாக வரும். வரும்போது மகரந்தம் இருக்காது. ஒவ்வொரு மீசை இழையும் ஒரு மணிக்கு உரியது. இழை காத்திருந்து வாடினால் அந்த இடம் பொக்கை.

மணி பிடித்ததா என்று தெரிந்துகொள்ளக் கதிர் காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீசை வந்து ஒரு வாரம் கழித்து நாலைந்து கதிரை ஒடித்து, மீசையைக் கலைக்காமல் உறையை மெதுவாகப் பிரித்து, கதிரைக் குலுக்குங்கள். மகரந்தம் சேர்ந்த இழை உதிர்ந்துவிடும், சேராதது ஒட்டிக்கொண்டே நிற்கும். நுனியில் மட்டும் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. பாதிக்கு மேல் ஒட்டியிருந்தால் மேற்கொண்டு உரத்துக்கும் மருந்துக்கும் செலவழிக்காமல், பசுந்தீவனமாக விற்க முடியுமா என்று பாருங்கள்.

பூவும் மணியும் பிடிக்கும் நேரத்தில் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் என்ற சத்துக் கலவையை ஏக்கருக்கு 3 கிலோ வீதம் 200 லிட்டர் தண்ணீரில் இருமுறை தெளிக்கப் பரிந்துரை உண்டு. தண்ணீர் சரியாகப் பாய்ச்சும் காட்டில் இது கை கொடுக்கும். காய்ந்த காட்டில் தண்ணீருக்குப் பதில் ஆகாது.

சோளமும் கம்பும்

சோளத்தை மணிக்காகப் போடுபவர்கள் இப்போது குறைவு. பெரும்பாலும் மாட்டுத் தட்டுக்குத்தான். இரண்டுக்கும் முறை வேறு. மணிக்கு என்றால் இறவையில் ஏக்கருக்கு 4 கிலோ, மானாவாரியில் 6 கிலோ விதை, ஒன்றரை அடிக்கு அரை அடி இடைவெளி. இறவை உரம் தழை 36, மணி 18, சாம்பல் 18 கிலோ. தட்டுக்கு என்றால் 16 கிலோ நெருக்கி விதையுங்கள். தண்டு மெலிதாக இருந்தால்தான் மாடு மிச்சம் வைக்காமல் தின்னும். பல முறை அறுக்க கோ.எப்.எஸ். 29, கோ.எப்.எஸ். 31 ரகங்கள் ஏக்கருக்கு 2 கிலோ போதும். முதல் அறுப்பு 65 முதல் 70 நாளில், பிறகு 50 நாளுக்கு ஒன்று.

சோளத்துக்கு முதல் எதிரி குருத்து ஈ. முதல் நான்கு வாரத்தில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் நாற்றத்தோடு வரும். மழை வந்ததும் ஊரோடு சேர்ந்து விதைப்பவர்கள் தப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று வாரம் பிந்தியவர்கள் காட்டில் கூட்டமாக இறங்கும். பிந்தினால் விதை அளவைக் கூட்டி, தாக்கிய செடிகளைக் களையெடுக்கும்போது பிடுங்கிவிடலாம். கருவாட்டுப் பொறி ஏக்கருக்கு ஐந்து, 30 நாள் வரை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 45 நாளுக்கு உட்பட்ட பச்சைச் சோளம், மழையில்லாமல் வாடிய சோளம், அறுத்த பின் மழை பெய்து துளிர்த்த கட்டைத் தளிர் ஆகிய மூன்றிலும் சயனைடு விஷம் ஏறியிருக்கும். வறட்சிக்குப் பின் முதல் மழையில் துளிர்த்த காட்டில் மாட்டை அவிழ்த்துவிட்டால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி, நுரை தள்ளி விழும். அடுத்த நொடியே கால்நடை மருத்துவரை அழையுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி நேரத்துக்குப் போட்டால் பிழைக்கும். பூத்த பிறகு அறுப்பதும், அறுத்துக் காயவைத்துப் போடுவதும் பாதுகாப்பு. காங்கேயம் மாடு வைத்திருக்கும் வீட்டில் இது எல்லோருக்கும், சிறுவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

மணிச் சோளம் முற்றும்போது மழை வந்தால் கதிரில் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். கதிர் நெருக்கமான ரகத்தில் அதிகம். மானாவாரிக்குக் கதிர் கொஞ்சம் விரிந்த ரகம் நல்லது.

கம்பு இந்த மூன்றில் குறைந்த தண்ணீரில் வரும் பயிர். 85 முதல் 95 நாள். ஏக்கருக்கு 2 கிலோ விதை. விதைக்கு முன் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கல்லுப்புக் கரைத்து விதையைக் கொட்டுங்கள். மிதப்பவை தேன் ஒழுகல் நோயின் கருங்காய்களும் பதரும். அவற்றை அள்ளி எறிந்து, கீழே தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்துங்கள். பூக்கும்போது தொடர் மழையும் மூட்டமும் இருந்தால் இந்த நோய் வரும். கருங்காய் கலந்த கம்பு மாட்டுக்கும் ஆளுக்கும் விஷம், கோழிக்குக்கூடப் போடாதீர்கள். ஒரு தூரில் எல்லாக் கதிரும் ஒரே நாளில் முற்றாது. முதல் கதிர்களை முன்னால் அறுத்துக்கொண்டு, பத்து நாள் கழித்து மிச்சத்தை அறுங்கள்.

அறுவடையும் ஈரமும்

உறை காய்ந்தால் முற்றிவிட்டது என்று நினைப்பது சரியல்ல. நோயிலும் வறட்சியிலும் உறை முன்பே காயும். கதிரின் நடுவிலிருந்து மணியைப் பிரித்து அடி நுனியைச் சுரண்டிப் பாருங்கள். கறுப்புப் படலம் தெரிந்தால் முற்றியாயிற்று, இனி எடை ஏறாது. அப்போது ஈரம் 30 முதல் 35 சதவீதம் இருக்கும். மாட்டுக்குத் தட்டு வேண்டுமானால் இந்தக் கட்டத்தில் கதிருக்கு மேலுள்ள பகுதியை வெட்டிக்கொள்ளலாம். அதற்கு முன் வெட்டினால் மணி சுருங்கும். வெயில் நன்றாக இருந்தால் கதிரைச் செடியிலேயே விட்டு 20-க்குக் கீழே காயவிடுங்கள். மேகம் கூடினால் காத்திருக்காமல் ஒடித்து எடுத்துவிடுங்கள். மிஷினில் அடிக்கும்போது 20-க்கு மேல் ஈரம் இருந்தால் மணி உடையும், உடைந்த மணியில்தான் பூஞ்சணம் முதலில் ஏறும்.

மகசூலை முன்கூட்டியே மதிப்பிட, அந்த 22 அடிக் கணக்கே போதும். அதில் உள்ள கதிரை எண்ணி, ஒரு கதிரின் மணி எண்ணிக்கையால் பெருக்கி, 3,500-ஆல் வகுத்தால் கிலோ வரும். ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கர் மகசூல். 25 கதிர், கதிருக்கு 14 வரிசை, வரிசைக்கு 32 மணி என்றால் ஏறக்குறைய 32 குவிண்டால்.

வியாபாரியிடம் ஈரக் கணக்குப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். 25 சதவீத ஈரத்தில் உள்ள 1,000 கிலோ, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 872 கிலோ. 20-லிருந்து என்றால் 930, 18-லிருந்து 953. பச்சையாக விற்கும்போது பிடிக்கும் கழிவு இதைவிடக் கணிசமாகக் கூடினால் காயவைத்து விற்பதே லாபம். மீட்டர் கையில் இல்லையென்றால் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி மணியும், வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு ஸ்பூனும் போட்டு மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல்.

களத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் பரப்ப வேண்டாம், மணிக்கொரு முறை கிளறுங்கள். சாயந்திரம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், பனியில் விட்டால் பகலில் காய்ந்தது திரும்ப ஏறும். தார் ரோட்டில் காயவைப்பது விபத்து, கல்லும் சேரும். ஈரத்தோடு மூட்டை கட்டி இரண்டு நாள் வைத்தால் உள்ளே சூடேறி மஞ்சள்பச்சைப் பூஞ்சணம் வரும். அது விடும் அஃப்ளாடாக்சின் கோழியின் கல்லீரலைக் கெடுக்கும். நம் மக்காச்சோளம் போகும் இடம் நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணையும் பல்லடம் கறிக்கோழித் தீவன ஆலையும்தான். அவர்கள் சோதித்துப் பார்த்து லோடையே திருப்பிவிடுவார்கள்.

மத்திய அரசு 2025-26-க்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஆனால் நம் பக்கம் அன்றாட விலையைத் தீர்மானிப்பது கோழிப் பண்ணையின் தேவை. தை, மாசியில் எல்லோரும் ஒன்றாகக் கொண்டுவரும்போது விலை இறங்கும். உடுமலை போன்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். வீட்டில் வைப்பதானால் 12 சதவீதத்துக்குக் காயவைத்து, புதுச் சாக்கில் பிடித்து, தரையிலிருந்து அரை அடி உயரமுள்ள மரச்சட்டத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். பழைய சாக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் இரண்டு நாள் வெயிலில் உதறிக் காயவைத்த பிறகு பிடியுங்கள். போன ஆண்டு வண்டின் முட்டை தையலில்தான் ஒளிந்திருக்கும்.